புதுப் பிள்ளையிட்டக் குடுங்கோ

2017ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், முகாமைத்துவ உதவியாளருக்கான நியமனக் கடிதத்தோடு, வன்னியில் உள்ள ஓர் அரச அலுவலகத்தின் வாசலில் காலை எட்டு மணிக்கே போய் நின்றேன். விசுவமட்டிலிருந்து ஏ35 வீதியால் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்து, அம்மா அயன் பண்ணித் தந்த சேலை கசங்கிவிடக் கூடாது என்பதற்காக வழி முழுவதும் நின்றுகொண்டே வந்திருந்தேன். கடமையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் எழுதிக் கொடுத்ததும், நிர்வாக உத்தியோகத்தர் கதவோரமாக, போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு மேசையைக் காட்டினார். மேசை இருந்தது, கதிரை இல்லை. "கதிரையைப் பிறகு பாப்பம் பிள்ளை, இப்ப இந்தக் கடிதங்களைப் பதிஞ்சு விடுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அந்தப் "பிறகு" வருவதற்கு எட்டு மாதங்கள் சென்றன.

இவற்றை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் சித்தியின் மகள். அண்மையில் நியமனம் பெற்ற அவள், மூன்றாம் நாளே அழுதபடி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, என்ன வந்தாலும் புதுப் பிள்ளையிட்டக் குடுங்கோ எண்டு சொல்லினம். எனக்கு ஒண்டும் தெரியாது எண்டும் அவையே சொல்லினம்" என்றாள். அன்றிரவு அவளுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். அரச அலுவலகத்தின் அடிப்படியில் முதல் ஐந்து ஆண்டுகளைக் கழிக்கப் போகும் வேறு பிள்ளைகளுக்கும் இது உதவக்கூடும்.

கதிரையிலிருந்தே தொடங்குகிறேன். முதல் இரண்டு வாரமும் பொதுமக்கள் இருக்கும் வாங்கின் ஒரு முனையை இழுத்துப் போட்டு அதில் இருந்துதான் கடிதங்களைப் பதிந்தேன். ஆட்கள் வந்தால் எழும்பி நிற்க வேண்டும், ஏனென்றால் அது அவர்களுடைய வாங்கு. என் நிலையைக் கண்ட அலுவலகப் பணியாளர் அக்கா, களஞ்சிய அறையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கி வந்து தந்தார். ஒரு கை கழன்றிருந்தது, முதுகுப் பக்கத்தை அவரே கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார். ஏழு மாதம் அதில் இருந்தேன். அடுத்த தை மாதத்தில், அரச நிதி விதிகளில் ஒன்றான நிதிப் பிரமாணம் 756இன்படி ஆண்டுதோறும் நடக்கும் பொருட்கணிப்புக்காக வேறு அலுவலகத்திலிருந்து மூன்று உத்தியோகத்தர்கள் வந்தார்கள். கையில் பட்டியலோடு மேசை மேசையாக வந்தவர்கள் என் கதிரையின் பின்னால் வெள்ளை மையில் எழுதியிருந்த இலக்கத்தை வாசித்து, பட்டியலைப் பார்த்து, ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தக் கதிரை "பாவனைக்கு உதவாதவை" என்ற பகுதியில் ஏற்கெனவே பதியப்பட்டிருந்தது. "பிள்ளை, கொஞ்சம் எழும்புங்கோ" என்று பணிவாகக் கேட்டு, கதிரையை வெளியே கொண்டுபோய், வேப்பமரத்தின் கீழே கிடந்த உடைந்த அலுமாரிகளோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். அவர்களில் எவர் மீதும் குற்றம் சொல்ல முடியாது. பாவனைக்கு உதவாத பொருளை ஒருவர் பாவித்துக்கொண்டிருந்ததுதான் பிழை.

அந்தக் காலத்தில் அரச சேவையில் சேர்ந்தவர்கள் சித்தியடைய வேண்டிய வினைத்திறன்காண் தடைப் பரீட்சைக்காக, சேவை விதிகளைச் சொல்லும் தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணங்களும் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை ஏழு மாதமும் வாயாலேயே கேட்டிருந்த நான், அன்று பின்னேரம் முதல் தடவையாக எழுதிக் கேட்டேன். என் மேசையின் பொருட்பட்டியல் இலக்கம், கதிரை அகற்றப்பட்ட திகதி, புதிதாக வந்து இன்னும் பொலித்தீன் உறை கழற்றாமல் களஞ்சியத்தில் இருந்த கதிரைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, நிர்வாக உத்தியோகத்தரூடாக என்று முகவரியிட்டுக் கொடுத்தேன். முறைப்பாடாக ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒன்பதாம் நாள் கதிரை வந்தது. வாயால் கேட்ட கோரிக்கையை மறப்பது எவருக்கும் எளிது. இலக்கமும் திகதியும் இட்டுக் கோவையில் ஏறிய கோரிக்கைக்கு யாராவது ஒருவர் பதில் எழுதியே ஆக வேண்டும். சித்தியின் மகளுக்கு நான் முதலில் சொன்னது இதுதான்.

இனித் தபால் மேசை. புதிதாக வருபவருக்கு அதைத்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் கடிதத்தில் திகதி முத்திரை குத்தி, உள்வரும் தபால் பதிவேட்டில் இலக்கமிட்டு, பொறுப்பானவரிடம் கொடுப்பது இலகுவான வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அலுவலகத்துக்குள் நுழையும் ஒவ்வொரு தாளையும் முதலில் தொடுபவர் அந்த மேசையில் இருப்பவர்தான், ஆகவே எந்தத் தாள் தொலைந்தாலும் முதலில் திரும்பும் முகங்களும் அந்த மேசையை நோக்கியே திரும்பும். ஐப்பசியில் அப்படித்தான் நடந்தது. மாவட்ட மட்டத்திலிருந்து வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் போகவில்லை. நினைவூட்டல் கடிதம் வந்தது. பொறுப்பானவர் "எனக்கு அப்பிடி ஒரு கடிதம் வரேல்லை" என்றார். பதிவேட்டில் கடிதத்தின் இலக்கம் இருந்தது, ஆனால் அதை யாரிடம் கொடுத்தேன் என்பதற்கு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை, கொடுத்தேன் என்ற என் ஞாபகத்தைத் தவிர.

என்னிடம் விளக்கம் கோரிக் கடிதம் எழுதப்பட்டது. வெளிச்செல்லும் கடிதப் பதிவேடும் என் பொறுப்பில் இருந்தபடியால், எனக்கு எழுதப்பட்ட அந்தக் கடிதத்துக்கு இலக்கமிட்டதும் நானே, அதை உறையில் போட்டதும் நானே, பெற்றுக்கொண்டேன் என்று கையொப்பமிட்டதும் நானே. இதை இன்று வீட்டில் சொன்னால் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். அன்று அந்த உறையை ஒட்டும்போது என் கை நடுங்கியது, மூன்று ஆண்டுத் தகுதிகாண் காலத்தில் ஐந்து மாதம்கூட முடியாத நேரம் அது. மூன்று வாரம் கழித்து அந்தக் கடிதம், பொறுப்பானவருடைய லாச்சியிலேயே, வேறொரு கோவையின் மட்டைக்குள் இருந்து வெளிவந்தது. யாரும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. நான் அடிமட்டத்தை எடுத்து, பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரமாக ஒரு நிரலைக் கோடிட்டேன்: பெற்றவரின் கையொப்பமும் திகதியும்.

முதல் வாரம் பலருக்குக் கோபம் வந்தது. "என்னில நம்பிக்கை இல்லையோ பிள்ளை?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று நன்றாக யோசித்து வைத்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் வயதில் மூத்தவரின் மனம் நொந்தால் அந்த நிரல் ஒருபோதும் நிரம்பாது. நான் சொன்னது இதுதான்: "அப்பிடி இல்லை அக்கா, நாளைக்கு உங்களிட்ட ஆரும் கேட்டா, எப்ப கிடைச்சதெண்டு நீங்கள் காட்டலாம்." அது பொய்யல்ல. கையொப்பம் இருபுறத்தையும் காக்கிறது. இரண்டு மாதத்தில் அவரே "நான் கையெழுத்து வைக்கேல்லை, கொண்டு வாங்கோ" என்று கேட்கத் தொடங்கினார்.

லீவில் நிற்பவரின் வேலையைப் பார்க்கும் பதில் கடமை பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐந்து ஆண்டுகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான். அரச உத்தியோகத்தர் ஒருவர் லீவு எடுப்பதானால் பொது 125அ படிவத்தை நிரப்ப வேண்டும், அதில் அவருடைய கடமையைப் பார்ப்பவரும் ஒப்பமிட வேண்டும். அந்த ஒப்பத்துக்காக ஆட்கள் முதலில் வருவது புதிதாக வந்தவரிடம்தான். தொடக்கத்தில் அதை ஒரு மதிப்பாகவே எண்ணி, நீட்டிய இடத்திலெல்லாம் ஒப்பமிட்டேன். 2018ஆம் ஆண்டு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் வந்தது. கடல்நீரில் விளக்கெரியும் அந்தப் பொங்கலுக்கு வன்னியில் போகாத வீடு குறைவு. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து பார்த்தால், ஐந்து பேரின் லீவுப் படிவங்களில் பதில் கடமை பார்ப்பவராக என் ஒருத்தியின் பெயரே இருந்தது. நானும் பொங்கலுக்குப் போக ஆசைப்பட்டவள்தான், ஆனால் எனக்காக ஒப்பமிட ஆறாவது ஆள் இருக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்கு, முதியோர் கொடுப்பனவு சம்பந்தமாக இரண்டு பஸ் ஏறி வந்த ஒரு ஐயா என் முன்னால் வந்து நின்றார். அவருடைய கோவை அலுமாரிக்குள் இருந்தது, அலுமாரித் திறப்பு வற்றாப்பளையில் இருந்தது. பொறுப்பான அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பறைமேளச் சத்தத்துக்குள் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "திறப்பு அக்கா, திறப்பு" என்று நான் கத்த, "ஓம் பிள்ளை, திறந்திட்டினம், நல்ல சனம்" என்று அவர் கோயிலைப் பற்றிச் சொன்னார். மூன்று தடவையும் இதேதான். கடைசியில் அலுவலகப் பணியாளர் அக்கா தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், யன்னல் ஓரத்துப் பூச்சாடியைத் தூக்கி அதன் அடியிலிருந்து திறப்பை எடுத்துத் தந்தார். அதற்கு முன் அந்த ஐயா என்னிடம் மெதுவாகக் கேட்டிருந்தார்: "பிள்ளை, அப்ப நான் நாளைக்கு வரட்டோ?" அவருக்கு நாளை என்பது இன்னொரு பஸ் காசு, இன்னொரு நாள் வெயில். அலுவலகத்தின் கடைசிப் படியில் நிற்கிறேன் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். எனக்கும் கீழே ஒரு படி இருப்பதையும், நான் அறியாத ஒவ்வொன்றின் பாரமும் அங்கே போய் விழுவதையும் அந்தக் கேள்வியில்தான் கண்டேன்.

அதன் பிறகு, ஒப்பம் கேட்டு வருபவர்களிடம் ஒரு சிறு தாளைக் கொடுக்கப் பழகினேன். முடிக்க வேண்டிய வேலைகள் எவை, அன்றைக்கு யார் யார் வரக்கூடும், திறப்பு எங்கே என்ற மூன்றையும் அதில் எழுதித் தந்தால்தான் ஒப்பம். ஒரே நாளில் இருவருக்கு மேல் ஒப்பமிடுவதில்லை என்பதையும் முன்கூட்டியே நிர்வாக உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்தேன். அவரிடம் சொல்லாமல் நானாக மறுத்திருந்தால் அது திமிராகவே தெரிந்திருக்கும்.

சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகள் இன்னொரு தொல்லை. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழிதான் என்றாலும், அவசரக் கடிதங்கள் பெரும்பாலும் சிங்களத்தில், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தன. 2007 ஆடிக்குப் பின் சேர்ந்தவர்கள் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கை எனக்குப் பொருந்தும், எனக்கு முன்னே இருந்த பலருக்குப் பொருந்தாது. ஆகவே "புதுப் பிள்ளைக்குச் சிங்களம் தெரியும்" என்று ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த சிங்களத்தின் பாதி, 2009இல் பதினான்கு வயதில், செட்டிகுளத்து முகாமில் தண்ணீர் வரிசையிலும் மருந்து வரிசையிலும் காதில் விழுந்தது. மற்றப் பாதி வகுப்பில் படித்தது. அந்த அறிவோடு ஒரு கடிதத்தை அவசரமாக வாசித்து, "பெர" என்பதைப் "பின்னர்" என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். பெர என்றால் முன்னர், பசு என்றால்தான் பின்னர். குறித்த திகதிக்கு முன் போக வேண்டிய விபரம் மூன்று நாள் பிந்திப் போனது. அது முழுக்க என் பிழை, நிர்வாக உத்தியோகத்தரிடம் நானே போய்ச் சொன்னேன்.

அன்றிலிருந்து ஒரு கொப்பியில், கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை எழுதத் தொடங்கினேன். சக்ரலேகய, சுற்றறிக்கை. லிபிகொனுவ, கோவை. நிவாடு, லீவு. வஹாம, உடனடியாக. திகதி வரும் வரியை மட்டும் இரண்டாவது ஒருவரிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டி உறுதிப்படுத்தாமல் எவருக்கும் சொல்வதில்லை. என் மொழிபெயர்ப்போடு மூலக் கடிதத்தையும் சேர்த்தே அனுப்புவேன். இவற்றோடு, தமிழ்ப் பிரதியை அனுப்பித் தருமாறு கேட்கும் ஒரு கடிதத்தையும் நிர்வாக உத்தியோகத்தரின் ஒப்பத்தோடு அனுப்பத் தொடங்கினோம். சில பிரதிகள் வந்தன, சில வரவில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தை ஒரு தடவையும் தவறாமல் அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் நாம் கேட்காமல் விட்டால் அது தேவையில்லை என்றே அங்கே பதியப்படும்.

2018 மார்கழி வெள்ளத்தை எழுதாமல் விட முடியாது. புனரமைப்பு முடிந்து அந்த மாதத் தொடக்கத்தில்தான் திறந்து வைக்கப்பட்ட இரணைமடுக்குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் தண்ணீருக்குள் இருந்தன, பாடசாலைகள் முகாம்களாகின. லீவில் நின்றவர்களும் ஓடி வந்தார்கள். அந்த நாட்களில் மூத்தவர் இளையவர் என்று எவரும் பார்க்கவில்லை, சமையல் பாத்திரத்தைக் கூடச் சேர்ந்தே தூக்கினோம். ஆனால் பட்டியல் எழுதும் வேலை மட்டும் என்னிடமே வந்தது. முதலில் குடும்பத் தலைவரின் பெயரும் அங்கத்தவர் எண்ணிக்கையும் கேட்டார்கள். ஓர் இரவு முழுவதும் இருந்து எழுதி முடித்தோம். மறுநாள் படிவம் மாறியது: கிராம அலுவலர் பிரிவு வாரியாக, அடையாள அட்டை இலக்கத்தோடு. அதையும் முடித்த கையோடு, வங்கிக் கணக்கு இலக்கம் வேண்டும் என்று மூன்றாவது படிவம் வந்தது. ஈரப் பாயில் இருந்த ஒரு அம்மாவிடம் நான் மூன்றாம் தடவையும் போய்ப் பெயரைக் கேட்டபோது, அவர் கோபிக்கவில்லை. "என்ர பேர் மாறேல்லை பிள்ளை, எழுதுங்கோ" என்றார்.

அந்த வார்த்தை என்னை இன்றும் குத்துகிறது. மேலே இருந்து எது கேட்கப்படும் என்று தெரியாத நிலையில், கேட்கப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது நமக்கு வேலையைக் குறைப்பதாகத் தோன்றும். உண்மையில் அது துன்பத்தில் இருப்பவரை மூன்று தடவை எழுப்புகிறது. இப்போது எந்த விபரம் திரட்டப் போனாலும், பெயர், அடையாள அட்டை, பிரிவு, பிறந்த திகதி, அங்கத்தவர், வங்கிக் கணக்கு, தொலைபேசி ஆகிய எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டு, கணினியில் ஒரே அட்டவணையில் ஏற்றி வைத்துக்கொள்கிறேன். அட்டை வெள்ளத்தோடு போனவர்களுக்கு அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கிராம அலுவலரிடம் பிறகு கேட்டு நிரப்பலாம். கேட்கும் படிவம் எதுவானாலும் அந்த அட்டவணையிலிருந்து வெட்டிக் கொடுக்கலாம்.

2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் ஆட்களை மட்டுப்படுத்தி முறை போட்டார்கள். வாகனத்தில் வருபவர்களால் வர முடியவில்லை, பஸ்ஸில் வருபவர்களால் முடியும் என்பதால் அட்டவணையில் என் பெயரே அதிகம் இருந்தது. தாளும் தட்டுப்பாடு. பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் குறிப்பெழுதினோம், அப்படி எழுதப் போன இடத்தில் பல சுற்றறிக்கைகளை முதல் தடவையாக வாசித்தேன், அது நன்மையாகவே முடிந்தது.

அலுவலகப் பணியாளர் அக்காவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சம்பள நிரலில் அவர் முதலாம் படியில், பி.எல். 1இல் இருப்பவர். 2016ஆம் ஆண்டுச் சம்பளத் திட்டத்தில் அதன் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாய். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் அது 40,000 ஆக உயர்த்தப்பட்டது. எந்தக் கோவை எந்த அலுமாரியில், எவருடைய திறப்பு எந்தப் பூச்சாடியின் கீழே, பின்னேரம் மூன்று மணிக்குப் பின் கையெழுத்துக்கு அனுப்பும் கோவை ஏன் அடுத்த நாள்தான் திரும்பும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். கையெழுத்து வைக்க வேண்டிய பக்கத்தில் ஒரு சிறு தாளைச் சொருகி அனுப்பினால் கோவை அன்றே திரும்பும் என்பதையும் அவரே எனக்குச் சொல்லித் தந்தார். புதிதாக வருபவர்கள் மேலே இருப்பவர்களின் பெயர்களை முதல் நாளே பாடமாக்கிவிடுகிறார்கள். தேத்தண்ணி தருபவரின் பெயரை மூன்று மாதம் கழித்தும் கேட்பதில்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது.

சென்ற ஆண்டு நான் கணக்குக் கிளைக்கு மாறினேன். தபால் மேசையைப் பொறுப்பேற்க, துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பொறுப்புக் கொடுக்கும் ஆவணத்தைப் பதினொரு பக்கத்தில் எழுதியிருந்தேன், மேசையின் இலக்கமும் கதிரையின் இலக்கமும் முதல் பக்கத்தில். அவருக்கு அதை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோதே ஒருவர் பொது 125அ படிவத்தோடு வந்து, "தம்பி, இதில ஒரு கையெழுத்து" என்றார். தம்பி பேனையை எடுத்துவிட்டார். நான் படிவத்தின் மேலே என் சிறு தாளை வைத்து, "அண்ணை, இதையும் ஒருக்கா நிரப்பித் தாங்கோ" என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார், என்னைப் பார்த்தார், பிறகு வாங்கில் இருந்து எழுதினார்: இரண்டு ஓய்வூதியக் கோவைகள், ஒன்றுக்குப் புதன்கிழமை ஆள் வரும். காணிக் கடிதம் ஒன்று கையெழுத்துக்குப் போயிருக்கிறது. அலுமாரித் திறப்பு காசுக்குப் பொறுப்பான சிறாப்பரிடம்.